ஷிப்ட் லைட் பொருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மேனுவல் கியர் கார்களில் ஷிப்ட் லைட் மாட்ட விரும்பும் உரிமையாளர்களுக்கும், அந்த வேலையைச் செய்து தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கும்,

இன்ஜினின் சுழற்சி வேகம் (ஆர்.பி.எம்.) முன்கூட்டியே குறித்து வைத்த அளவைத் தொட்டதும் எரியும் விளக்குதான் ஷிப்ட் லைட். அந்த வேகத்தை முள்ளால் காட்டும் டேகோமீட்டர் இருக்கும் காரில் இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. டேகோமீட்டரைப் படிக்க ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும், முள் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும், அது எந்த எண் என்று மனத்தில் வாங்க வேண்டும். விளக்கைப் படிக்க வேண்டியதில்லை. கண் சாலையில் இருக்கும்போதே ஓரப் பார்வையில் பட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து முதல் கியரில் ஏறும்போது, முள்ளைப் படித்து முடிப்பதற்குள் கியர் மாற்ற வேண்டிய இடம் கடந்துவிடுகிறது. பந்தயக் கார்களில் இந்த விளக்கு இடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

அன்றாட ஓட்டத்தில் இதன் தேவை குறைவு. இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ காரை முழுத் திறனில் ஓட்டிப் பார்ப்பவருக்கு நேரடிப் பயன் உண்டு. காது கேளாத ஓட்டுநர்களுக்கு அதைவிடப் பெரிய பயன் உண்டு. 2011இல் டில்லி உயர் நீதிமன்றம் அவர்கள் ஓட்டுநர் உரிமம் பெற வழி திறந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றும் பழக்கத்துக்கு ஈடாக அவர்களுக்கு ஒரு கண் அடையாளம் கிடைக்கிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கும் ஓரளவு உதவும். மற்ற கார்களில் பெரும்பாலும் இது அழகுக்காக மாட்டப்படுகிறது. அதில் தவறொன்றும் இல்லை, வயரிங் ஒழுங்காக இருக்கும்வரை.

பல புதிய கார்களின் மீட்டரிலேயே கியரை ஏற்றச் சொல்லும் சிறிய அம்புக்குறி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் புதிய மேனுவல் கார் மாடல்களில் அதைக் கட்டாயமாக்கியது. எரிபொருள் சேமிப்பதே அதன் நோக்கம். வெளியில் வாங்கி மாட்டும் ஷிப்ட் லைட்டையும் இந்த அம்புக்குறியையும் ஒன்றாக நினைப்பவர் பலர். கம்பெனி அம்புக்குறிக்கு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ. தகவல் தருகிறது: ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, இன்ஜின்மேல் சுமை எவ்வளவு, கார் என்ன வேகத்தில் போகிறது என்பதையெல்லாம் கணக்கிட்ட பிறகே அம்பு தோன்றுகிறது. வெளியில் வாங்கும் சாதாரண விளக்குக்கு ஆர்.பி.எம். ஒன்றுதான் தெரியும். ஏற்றமா இறக்கமா, காரில் ஒருவரா ஐவரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த வேறுபாடு பின்னால், அளவு குறிக்கும் இடத்தில், முக்கியமாகிறது.

கடைகளில் கிடைப்பவை மூன்று வகை. ஒற்றை விளக்கும் அளவு குறிக்கும் ஒரு சிறு பெட்டியும் மட்டும் கொண்டது ஒன்று. பெரிய டேகோமீட்டரின் பக்கவாட்டிலோ உள்ளேயோ விளக்கு பதித்து வருவது இன்னொன்று. அமெரிக்காவின் ஆட்டோ மீட்டர், ஜப்பானின் டெஃபி போன்ற பெயர்கள் இந்த வகையில் பழக்கமானவை. மூன்றாவது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக எரிந்து வரும் எல்.இ.டி. பட்டை. பட்டை வகையில் ஒரு வசதி உண்டு. ஒற்றை விளக்கு எரியும்போது மாற்ற வேண்டிய நேரம் வந்தேவிட்டது. பட்டையோ அந்த நேரம் நெருங்கி வருவதையும் காட்டுகிறது. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது விளக்கின் நிறத்தையோ மீட்டரின் அளவையோ அல்ல. பெட்டியில் எத்தனை சிலிண்டருக்கு அமைப்பு இருக்கிறது, எத்தனை வோல்ட் சிக்னலை அது ஏற்கும் என்ற இரண்டையும்தான்.

விளக்கை டேஷ்போர்டில் ஒட்டுவது அரை மணி நேர வேலை. சிக்னல் வயரை எங்கிருந்து எடுப்பது என்பதே உண்மையான வேலை, ஏமாற்றங்களில் பெரும்பகுதியும் அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு மின் துடிப்பு வருகிறது. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, ஆறு சிலிண்டருக்கு மூன்று, எட்டுக்கு நான்கு. 6,000 ஆர்.பி.எம். என்பது விநாடிக்கு 100 சுற்று. ஆகவே நான்கு சிலிண்டர் இன்ஜின் அந்த வேகத்தில் விநாடிக்கு 200 துடிப்பு தருகிறது. மீட்டர் செய்வது இவ்வளவுதான்: வரும் துடிப்புகளை எண்ணி, சிலிண்டர் கணக்கால் வகுத்து, ஆர்.பி.எம். ஆக்குகிறது. எட்டு சிலிண்டருக்கு அமைத்த மீட்டரை அப்படியே நான்கு சிலிண்டர் காரில் மாட்டினால் பாதி எண்ணையே காட்டும்; 6,000க்குக் குறித்த விளக்கு எந்தக் காலத்திலும் எரியாது. அமெரிக்க வி8 கார்களை மனத்தில் வைத்துச் செய்த மீட்டர்கள் எட்டுக்கு அமைந்தே பெட்டியிலிருந்து வருவதுண்டு.

இந்திய ஓட்டுநருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே ஓடும் சிறிய கார்களில் பல மூன்று சிலிண்டர் கார்கள். மாருதி 800 அப்படித்தான். ஆல்டோ கே10, டியாகோ பெட்ரோல், க்விட், 2024இல் வந்த புதிய ஸ்விஃப்ட் எல்லாமே மூன்றுதான். மூன்று சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை துடிப்பு. பெட்டியில் 4, 6, 8 என்ற அமைப்புகள் மட்டுமே உள்ள மீட்டரை நான்கில் வைத்து இந்தக் கார்களில் மாட்டினால், உண்மையில் 6,000 ஓடும்போது 4,500 என்று காட்டும். முக்கால் பங்கு என்று தெரிந்தபின் விளக்கின் அளவை மட்டும் 4,500க்குக் குறித்துச் சமாளிக்கலாம். டேகோமீட்டரோடு சேர்ந்த வகையானால் ஓட்டுநர் எப்போதும் பொய்யான எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று சிலிண்டர் அமைப்பு உள்ள மீட்டரையே தேடி வாங்குவது நல்லது.

துடிப்பு கிடைக்கும் இடங்கள் காரின் வயதைப் பொறுத்து மாறுகின்றன. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில், கார்புரேட்டர் காலத்து எஸ்டீம் போன்றவற்றில், வேலை எளிது. இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையில் எல்லாச் சிலிண்டர்களுக்கான துடிப்பும் ஒரே இடத்தில் வருகிறது. அந்த முனையில் 12 வோல்ட் மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. காயில் அணையும் ஒவ்வொரு கணமும் அங்கே சில நூறு வோல்ட் துள்ளி எழுகிறது. காயில் நெகட்டிவுக்கென்று செய்த மீட்டர் அதைத் தாங்கும், மற்றவை கருகும். இன்ஜின் ஓடும்போது அந்த முனையைத் தொடும் கையும் அதை உணரும்.

ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்றைய பெட்ரோல் கார்களில் நிலைமை வேறு. எல்லாத் துடிப்பும் கூடும் ஓர் இடம் அங்கே இல்லை. ஒரே ஒரு காயிலிலிருந்து எடுத்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்புதான் கிடைக்கும். மீட்டரில் ஒற்றைச் சிலிண்டர் அமைப்பு இருந்தால் மட்டுமே அது பயன்படும். இரண்டு பிளக்குக்கு ஒரு காயில் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு காயிலும் சுற்றுக்கு ஒருமுறை சுடும். அதற்கு இரண்டு சிலிண்டர் அமைப்பு பொருந்தும். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்விட்சிங் சர்க்யூட் காயிலுக்குள்ளேயே இருக்கும் வகைகளில், இ.சி.யூ.விலிருந்து வரும் கட்டளை வயரில் சுமார் 5 வோல்ட் துடிப்புதான் இருக்கும். 12 வோல்ட் எதிர்பார்க்கும் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே 5 வோல்ட்டை ஏற்கும் மீட்டரோ, இடையில் டேகோ அடாப்டரோ வேண்டும். பொருத்தி முடித்தும் முள் அசையவே இல்லை என்ற புகாரில் மீட்டரைக் குறை சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

இ.சி.யூ.விலிருந்தே டேகோ சிக்னல் தனி வயராக வெளிவரும் கார்களும் உண்டு. அப்படி இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை. எந்த நிற வயர் என்பதை அந்தக் காரின், அந்த ஆண்டின் சர்வீஸ் வயரிங் படத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேறொரு மாடலில் பழுப்பு வயராக இருந்தது என்பதால் இந்த மாடலிலும் அதையே வெட்டும் வழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு, அது இ.சி.யூ.வுக்கு ஆபத்து. கிராங்க் சென்சார் வயரில் மட்டும் எந்த நிலையிலும் கைவைக்கக் கூடாது. ஆர்.பி.எம். பிறக்கும் இடமே அதுதான் என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அதன் சிக்னல் மென்மையானது, கூடுதலாக ஒரு மீட்டரை மாட்டினால் கலங்கிவிடும். கலங்கினால் இன்ஜின் ஓடும்போதே நின்றுபோகலாம்.

டீசல் கார்களில் இக்னிஷன் காயிலே கிடையாது. பழைய வழி, ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனை. அங்கே வரும் துடிப்பின் எண்ணிக்கை ஆல்டர்னேட்டரின் துருவங்களையும், இரண்டு புல்லிகளின் அளவு விகிதத்தையும் சார்ந்தது. ஆறு ஜோடித் துருவமும் இரண்டரை மடங்கு விகிதமும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 15 துடிப்பு. ஆகவே விருப்பப்படி அளவு திருத்தக்கூடிய மீட்டர் தவிர வேறெதுவும் இங்கே உதவாது. ஆல்டர்னேட்டரை வெளிக்கடையில் மாற்றினால் கணக்கும் மாறிவிடக்கூடும்.

இவ்வளவு தொல்லையும் இல்லாத வழி, பழுதறிய உதவும் ஓ.பி.டி. போர்ட். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் கொண்ட அந்தச் சாக்கெட்டில் மாட்டும் மீட்டர், இ.சி.யூ.விடம் ஆர்.பி.எம். கேட்டு வாங்கிக் காட்டுகிறது. சிலிண்டர் கணக்கு வேண்டாம், வயர் வெட்ட வேண்டாம், டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஒரே முறை. குறை, தாமதம். மீட்டர் கேட்க வேண்டும், இ.சி.யூ. விடை சொல்ல வேண்டும். மலிவான புளூடூத் அடாப்டர் வழியாக ஒரு விடைக்கு 50 முதல் 100 மில்லி விநாடி ஆவது சாதாரணம். கூலன்ட் வெப்பம், பேட்டரி வோல்ட் என்று மற்றவற்றையும் அதே திரையில் கேட்டால் ஆர்.பி.எம்.மின் முறை இன்னும் தள்ளிப்போகும். சாலை ஓட்டத்துக்கு இந்தத் தாமதம் பொருட்டே அல்ல. தடத்தில் முதல் கியருக்குப் பொருட்டுதான். சிக்னல் வயரை நேரடியாக இணைக்கும் நேர்வயர் வகைக்கு இன்றும் இடமிருப்பது அதனால்.

ஓ.பி.டி. போர்ட்டின் 16ஆவது பின்னில் பேட்டரி லைன் சாவியை எடுத்த பிறகும் இருக்கும். தானாக உறங்காத மீட்டர் அதில் 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே, கார் இரண்டு வாரம் நின்றால் ஏறத்தாழ 17 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவிலேயே இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று தள்ளிக்கொண்டு நிற்பார். போர்ட்டில் மாட்டியதைச் சர்வீஸுக்கு விடும் முன்பும் கழற்றிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப் ஸ்கேனருக்கு அந்தச் சாக்கெட்தான் வாசல்.

நேர்வயர் வகைக்கு நான்கு வயர் வேண்டும்: லைன், எர்த், சிக்னல், இரவில் வெளிச்சத்தைக் குறைக்க பார்க்கிங் லைட் இணைப்பு. வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பது வழக்கம். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் கார்களில் அதை முதலில் எழுதி வைக்க வேண்டும். லைனைச் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது அணைந்து மீண்டும் வரும் ஆக்சசரி லைன் இதற்குச் சரிவராது, இக்னிஷன் லைனே சரி. பியூஸ் பெட்டியில், பியூஸ் இடத்தில் செருகும் கிளை இணைப்பான பியூஸ் டேப் மாட்டி எடுப்பது சுத்தமான முறை. மீட்டருக்கு ஓர் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் இல்லாமல் ரேடியோ வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றும் வேலையை, எவ்வளவு அனுபவமுள்ளவர் செய்தாலும், ஏற்கக் கூடாது. சென்னை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, ஓர் ஆண்டுக்குள் முறுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். நல்ல கிரிம்ப், அல்லது ஈயப் பற்று. மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

எர்த்தை உலோக பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் திருகி இறுக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் எல்லாத் தகடும் எர்த் ஆகாது. சில பிளாஸ்டிக் மேல் நிற்கும் வெறும் தாங்கிகள். மல்டிமீட்டரில் பேட்டரி நெகட்டிவுடன் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் உள்ள கார்களில் பழைய பல்பு டெஸ்ட் லாம்ப்பைச் சிக்னல் வயர்களில் வைக்கக் கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் கரன்ட்டே இ.சி.யூ.வின் உள்சுற்றைச் சுட்டுவிடக்கூடும்.

சிக்னல் வயர் பானெட்டிலிருந்து உள்ளே வரும் வழி, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தகடான ஃபயர்வால். புதிதாகத் துளை போடத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டில் சிறு கீறலிட்டு நுழைக்கலாம். வயரின்மேல் ஸ்லீவ் இருக்க வேண்டும், நுழைத்தபின் இடைவெளியைச் சிலிக்கோன் கொண்டு அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் வயரின் வழியே கசிந்து ஓட்டுநர் காலடியில் சேரும். பிளக் வயரோடும் காயிலோடும் ஒட்டிச் சிக்னல் வயர் ஓடக் கூடாது. உட்புறத்தில் கிளச், பிரேக் பெடல்களின் அசைவு முழுவதையும் மிதித்துப் பார்த்து, எந்த நிலையிலும் தொடாத வழியில் வயரைக் கட்ட வேண்டும். மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம் என்பதால் பின்வந்த எல்லாக் கார்களின் ஸ்டியரிங் தண்டிலும் அந்த மஞ்சள் இருக்கும். அதற்கு அருகில் வெட்டுவதோ அதில் எதையும் கட்டுவதோ கூடாது.

விளக்கை வைக்கும் இடத்தில் அழகும் பாதுகாப்பும் முட்டிக்கொள்ளும். படங்களில் பார்த்து ஆசைப்பட்டு முன் தூணில் மீட்டரை ஏந்தும் பாட் வைப்பவர் அதிகம். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட நம் கார்களில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள வலத்தூண் ஏற்கெனவே ஒரு மறைப்பு. சந்திப்புகளில் வலமிருந்து வரும் இருசக்கர வண்டி அதன் பின்னால்தான் மறைகிறது. அதன்மேல் இரண்டங்குல மீட்டரை வைத்து மறைப்பைக் கூட்டுவது நல்ல யோசனை அல்ல. கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கூரை ஓரம் மடங்கிக் கிடக்கும் பை அந்தத் தூணின் உறை வரை நீள்வதுண்டு. அங்கே பாட் வைக்கவே கூடாது.

டேஷ்போர்டில் மீட்டரை மூடியிருக்கும் கூரைக்கு மேலே, ஸ்டியரிங் வளையத்தின் உச்சியைத் தாண்டித் தெரியும்படி, சாலையைப் பார்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைப்பது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். உச்சி வெயிலில் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். இரவில் அதே வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலித்து சாலையை மறைக்கும். பார்க்கிங் லைட் வயரைச் சிலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள், இரவு ஓட்டத்தில் அதன் விலை தெரியும். விளக்கின் பின்புறம் கண்ணாடிப் பக்கம் ஒளி கசியாதபடி கறுப்பு மறைப்பு இருக்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டுவதை மத்திய மோட்டார் வாகன விதி 108 தடுக்கிறது. நிழலில்லாமல் நிறுத்திய காரின் டேஷ்போர்டு கோடையில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சாதாரண இருபக்க டேப் அங்கே நிற்காது. ஸ்க்ரூ போட மனமில்லாதவர் வெப்பம் தாங்கும் ஒட்டுப்பட்டையைத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அளவு குறிப்பது. டேகோமீட்டரின் சிவப்புக் கோட்டில் வைத்துவிடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. பெரும்பாலும் தவறானதும் அதுவே. இன்ஜினின் உச்சத் திறன் எந்த ஆர்.பி.எம்.மில் என்பது காரின் கையேட்டில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு அது 6,000. மேல் கியருக்கு மாறியதும் இன்ஜின் விழும் இடமும் கணக்கில் வர வேண்டும். முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று கொண்டால், 6,000இல் மாற்றும்போது இன்ஜின் சுமார் 3,260க்கு விழும். இரண்டிலிருந்து 1.28 விகிதமுள்ள மூன்றாவதுக்கு மாற்றினால் 4,040 அளவில் நிற்கும். கீழ்க் கியர்களில் விழும் தூரம் அதிகம் என்பதால் உச்சத் திறனைச் சற்றுத் தாண்டியும் இழுக்கலாம். மேல் கியர்களில் அந்தப் பயன் குறையும். டர்போ டீசலில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. மாருதி, ஃபியட், டாட்டா மூவரும் பயன்படுத்திய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டில் 75 குதிரைத் திறனை 4,000இல் தந்தது. அதற்கு மேல் இழுத்தால் சத்தம் ஏறும், கார் ஏறாது.

மனிதரின் தாமதமும் சேர்கிறது. விளக்கு எரிவதைக் கண்டு கால் அசையத் தொடங்க ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. சிறிய பெட்ரோல் காரில் முதல் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் இன்ஜின் விநாடிக்கு 2,000 ஆர்.பி.எம். அளவில் ஏறும், அந்தக் கால் விநாடியில் 500 ஏறிவிடுகிறது. மூன்றாம் கியரில் விநாடிக்கு 300, 400 மட்டுமே, இழப்பு 100க்குள். 6,000இல் மாற்ற விரும்புபவர் முதல் கியரை நினைத்து 5,500க்குக் குறித்தால் மூன்றாவதில் விளக்கு அவசரப்படும், 5,900க்குக் குறித்தால் முதல் கியரில், சுழற்சியைத் தடுக்கும் லிமிட்டரில் போய் முட்டுவார். ஒவ்வொரு கியருக்கும் தனி அளவு ஏற்கும் விலையுயர்ந்த மீட்டர்கள் இதற்காகவே வந்தன. ஒரே அளவு உள்ளவற்றில் 5,700 போன்ற நடு எண்தான் சமரசம்.

சிக்கனத்துக்காக 2,000, 2,500 என்று குறிப்பவருக்கு எச்சரிக்கை தேவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த அளவில் கியரை ஏற்றினால் இன்ஜின் முனகும், தட்டும். இறக்கத்தில் நிலைமை மோசம். இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கிங்கோடு 3,000, 3,500இல் இறங்குவதுதான் மலைப்பாதைக்கான சரியான முறை. விளக்கோ முழு நேரமும் எரிந்துகொண்டு கியரை ஏற்றச் சொல்லும். அதற்குக் கீழ்ப்படிந்தால் பாரம் முழுவதும் பிரேக்குக்குப் போய்ச் சூடேறும். கம்பெனி அம்புக்குறிக்குச் சுமை தெரியும், இதற்குத் தெரியாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மலை ஏறும் முன் விளக்கை அணைக்க ஒரு சிறு சுவிட்ச் வைத்துக்கொள்வது நடைமுறைத் தீர்வு.

விளக்கு இன்ஜினைக் காக்கும் கருவி என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. மேலே ஏறும் சுழற்சியை இ.சி.யூ.வின் லிமிட்டரே தடுத்துவிடுகிறது. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டாவதுக்குப் போனால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. அதை லிமிட்டராலும் தடுக்க முடியாது, விளக்காலும் தடுக்க முடியாது.

பொருத்தியபின் சரிபார்ப்பதை நின்ற காரில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுத் தொடங்க வேண்டும். விளக்கின் அளவைத் தற்காலிகமாக 2,000க்கு வைத்து, மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, காரின் டேகோமீட்டரோடு ஒப்பிட வேண்டும். டேகோமீட்டர் இல்லாத அடிப்படை மாடலானால் ஓ.பி.டி. ஸ்கேனர் காட்டும் எண்ணோடு ஒப்பிடலாம். 1,000, 2,000, 3,000 மூன்றிலும் ஒத்துப்போனால் சிலிண்டர் அமைப்பு சரி. சுமையில்லாமல் 6,000 வரை முடுக்கிப் பார்ப்பது வீண் தேய்மானம். சில கார்களில் நின்ற நிலையில் 4,000க்கு மேல் இ.சி.யூ.வே விடாது.

பிழை வந்தால் அது தரும் எண்ணே காரணத்தைச் சொல்லும். பாதி காட்டினால் எட்டு சிலிண்டர் அமைப்பு, முக்கால் காட்டினால் மூன்று சிலிண்டர் காரில் நான்கின் அமைப்பு, கால் பங்கு காட்டினால் நான்கு சிலிண்டர் காரில் ஒற்றைக் காயிலிலிருந்து எடுத்த சிக்னல். எண் சீராக ஏறாமல் துள்ளினால் மின் இரைச்சல். சிக்னல் வயரைக் காயிலிலிருந்து தள்ளி ஓட்டுவதும், ஷீல்டு வயர் போட்டு அதன் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வதும் தீர்வு. ஹெட்லைட் போட்டதும் எண் மாறினால் எர்த் தளர்வு. விளக்கு அணையாமலே இருந்தால் முதலில் குறித்த அளவைப் பார்க்க வேண்டும்; எல்லாருக்கும் வயரிங்மேலேயே சந்தேகம் போகிறது, பல நேரம் அளவுத் திருகு கீழ் எல்லையில் நிற்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உள்ளே ஒரு மீட்டர் வைப்பதால் அந்த விவரம் எதுவும் மாறுவதில்லை. வாரன்டி வேறு விஷயம். வெட்டப்பட்ட வயரைக் கண்டால் மின்சாரப் பகுதிக்கான வாரன்டியைக் கம்பெனி மறுக்க இடமுண்டு. வாரன்டி முடியாத காருக்கு ஓ.பி.டி. வகையும் பியூஸ் டேப்பும்தான் பொருத்தம், இரண்டையும் தடமின்றிக் கழற்றலாம்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் ஒரு தாளில் நான்கு வயரும் எங்கிருந்து எடுக்கப்பட்டன, பியூஸ் எந்த இடத்தில் இருக்கிறது, சிலிண்டர் அமைப்பு எதில் நிற்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் அதைக் கார் கையேட்டோடு வைத்திருக்க வேண்டும். கார் கைமாறும்போது புதியவருக்கு மீட்டர் வேண்டாமென்றால், பியூஸ் டேப்பைப் பிடுங்கி, சிக்னல் முனையை வெட்டி ஸ்லீவ் போட்டு மூடி, குரோமெட்டை மாற்றினால் போதும்.